பதினேழு வெள்ளிப் பரிகாரம்

2024 ஜூன் பள்ளி விடுமுறையில் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து திருச்சிக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். நான்கு பேர், போக வர. பெட்டிக்கு இவ்வளவு, இருக்கைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கறந்த பிறகு, பணம் கட்டுகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்னப் பச்சைக் கட்டம் வந்தது. உங்கள் பயணத்தின் கரிம வெளியேற்றத்தை ஈடுசெய்யுங்கள், 17 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) 40 காசு. பக்கத்தில் ஓர் இலைப் படம்.

தூங்காமல் என் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: “இத டிக் பண்ணா நம்ம பறந்தது பறக்காத மாதிரி ஆயிடுமாம்மா?”

டிக் செய்தேன். பதில் சொல்லவில்லை. ஜோசியர் சொன்ன பரிகாரத்தைச் செய்துவிட்டுக் கோவிலை விட்டு வெளியே வரும்போது ஒரு நிம்மதி வருமே, அதே நிம்மதி எனக்கு வந்தது. அது இரண்டு நாள்கூட நிற்கவில்லை. கணக்குப் பார்க்கிற புத்தி அப்பாவிடமிருந்து வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எவ்வளவு புகை என்று தெரிய வேண்டும். சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வரும். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால்தான் ஊற்றியதைவிடக் கூடுதலாக வருகிறது. இதுவரை தகராறு இல்லை. அதற்கு மேல் ஆளுக்கொரு கணக்கு. இணையத்தில் மூன்று இடங்களில் தட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் போய் வர 380 கிலோ என்றது ஒன்று, 460 என்றது இன்னொன்று, மூன்றாவது 840 கிலோ என்றது. விமானம் எவ்வளவு நிறைந்திருந்தது, சரக்குக்கு எவ்வளவு பங்கு பிரித்தார்கள் என்பதில் முதல் இரண்டும் வேறுபடுகின்றன. மூன்றாவது, உயரத்தில் விமானத்துக்குப் பின்னால் வெள்ளைக் கோடாகப் படர்கிறதே, அந்தப் பனிமேகமும் பூமியைச் சூடாக்குகிறது என்று அதையும் சேர்த்துக்கொள்கிறது. சரி, நடுவில் உள்ளதையே எடுத்துக்கொண்டேன். 460 கிலோ, நான்கு பேருக்கு 1.84 டன்.

இது பெரிதா சிறிதா? மின்சார பில்லை எடுத்தேன். (என் மாமியார் இன்னமும் அதைப் பழைய மின்வாரியப் பெயரால் ‘பியூபி பில்’ என்றுதான் சொல்வார்.) எங்கள் நான்கறை வீட்டுக்கு மாதம் 430 யூனிட் ஆகிறது. சிங்கப்பூரில் மின்சாரம் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவில் தயாராகிறது. ஒரு யூனிட்டுக்கு 0.4 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேல். அதாவது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மூன்று அறை ஏர்கான், பிள்ளைகளின் கணினி எல்லாம் சேர்ந்து வருஷம் முழுக்க விடுகிற புகையை, ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தே கிட்டத்தட்ட விட்டுவிடுகிறோம். விளக்கை அணை, விசிறியை நிறுத்து என்று பிள்ளைகளிடம் தினமும் கத்துகிற எனக்கு இது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த 1.84 டன்னை 17 வெள்ளி 40 காசு துடைத்துவிடுமாம். டன்னுக்கு ஒன்பதரை வெள்ளி. எனக்கு உறுத்தியது இந்த விலைதான். ஏனென்றால் இதே ஊரில் அதே ஒரு டன்னுக்கு அரசாங்கம் வேறு விலை வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியேற்றும் ஆலைகளுக்குக் கரிம வரி 2019இல் 5 வெள்ளியில் தொடங்கியது. 2024இல் 25 ஆனது, 2026இல் 45. 2030க்குள் 50லிருந்து 80 வெள்ளிவரை போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். மின் நிலையங்களும் இந்த வரியைக் கட்டுவதால் நம் பில்லிலும் அது கலந்துதான் வருகிறது. ஆலைக்கு 25 வெள்ளி, எனக்கு மட்டும் எப்படி ஒன்பதரை? தேக்கா சந்தையில் மீன் பாதி விலைக்குக் கிடைத்தால் செவுளைத் தூக்கிப் பார்ப்போமா மாட்டோமா?

தூக்கிப் பார்த்தேன். என் காசு எங்கே போனது என்று மின்னஞ்சலில் வந்த சான்றிதழில் இருந்தது: கிராமங்களில் விறகைக் குறைவாக எரிக்கும் அடுப்பு கொடுக்கும் திட்டம். சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம். நான் சிறுமியாக இருந்தபோது ஆச்சி வீட்டு அடுப்படியில் ஒரு ‘புகையில்லா அடுப்பு’ இருந்தது. 1983இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் நாடு முழுக்கக் கட்டிக் கொடுத்தவற்றில் ஒன்று. இரண்டு பானை வைக்கிற மாதிரி மண்ணால் மெழுகியது. புகை போக ஒரு சிமெண்ட் குழாய் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஆச்சி அதை ஒரு மழைக்காலம் வரைக்கும் பயன்படுத்தினார். நெல் அவிக்கிற பெரிய அண்டா அதில் உட்காராது. குழாயில் கரி அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்க ஆள் வேண்டும். அப்புறம் பழைய மூன்று கல் அடுப்பே கொல்லையில் எரிய, புகையில்லா அடுப்பில் ஒரு கருப்புக் கோழி அடைகாத்தது. உண்மையாகவே புகையில்லாத அடுப்பாகிவிட்டது என்று தாத்தா சொல்வார்.

அதிகாரிகள் புத்தகத்தில் அது ‘வழங்கப்பட்ட அடுப்பு’. இன்றைய கரிமக் கணக்கிலும் சிக்கல் இங்கேதான். கரிம வரவு என்பது ஒரு டன் குறைக்கப்பட்டதற்கான சீட்டு. எதிலிருந்து குறைந்தது? இந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் எவ்வளவு எரிந்திருக்குமோ அதிலிருந்து. நடக்காத ஒன்றை ஊகித்து, நடந்ததை அதிலிருந்து கழித்து, மிச்சத்தை விற்கிறார்கள். ஊகத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் விற்பதற்குச் சீட்டு கூடும். அடுப்புத் திட்டங்களை ஆராய்ந்து 2024 ஜனவரியில் நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழில் வந்த கட்டுரை ஒன்று, தாங்கள் எடுத்துக்கொண்ட திட்டங்களில் உண்மையில் குறைந்ததைப்போல 9.2 மடங்கு சீட்டு வழங்கப்பட்டிருக்கிறது என்று கணக்கிட்டது. புது அடுப்பு கிடைத்ததும் பழைய அடுப்பை மக்கள் விட்டுவிடுவார்கள் என்று எடுத்துக்கொள்வது முக்கியமான காரணங்களில் ஒன்று. ஆச்சியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கல்யாணத்துக்குப் போனபோது வேண்டுமென்றே அத்தை வீட்டு அடுப்படியில் போய் நின்றேன். கேஸ் அடுப்பு இருக்கிறது. காப்பி, பால், அவசரத்துக்குத் தோசை எல்லாம் அதில். சோறு வடிப்பதும் குளிக்க வெந்நீர் போடுவதும் வெளியே விறகில். “சிலிண்டர் என்ன வெல விக்கிது! தென்ன மட்ட சும்மாதானே கெடக்கு?” என்றார் அத்தை. இரண்டு அடுப்பும் ஒரே நேரத்தில் எரிந்துகொண்டிருந்தன. இதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

அடுப்புத் திட்டம் வீண் என்று சொல்ல வரவில்லை. ஆச்சிக்கு இரண்டு கண்ணும் எப்போதும் சிவந்தே இருக்கும். அடுப்படிச் சுவர் தார் பூசியது போலிருக்கும். அந்தப் புகை குறைவது நல்ல காரியம், அதற்குக் காசு கொடுப்பதும் நல்ல காரியம். அது நல்ல காரியம் என்பது வேறு, என் விமானப் புகை அதனால் இல்லாமல் போனது என்பது வேறு.

காட்டைக் காப்பாற்றும் திட்டங்களின் கதையும் இதற்குப் பக்கத்து வீடுதான். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அது எளிதில் மனசில் ஒட்டும். 2013 ஜூன் 21 அன்று காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401ஐத் தொட்ட புகைமூட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டு செருகி, கைக்குழந்தையோடு ஓர் அறையில் அடைந்து கிடந்தேன். சுமத்ராவில் பீட் எனப்படும் மக்கிய சதுப்பு நிலம் எரிந்தால் இங்கே நமக்கு மூச்சு முட்டும். அதனால் காட்டை எரியவிடாமல் காக்க ஐந்து பத்து வெள்ளி என்றால் கை தானாகப் போகும். ஆனால் 2023இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மூன்று கண்டங்களில், ஆறு நாடுகளில் 26 காடு காக்கும் திட்டங்களைப் பார்த்தவர்கள், பெரும்பாலானவற்றில் காடழிப்பு குறிப்பிடும்படி குறையவில்லை என்றார்கள். காரணம் அதே ஊகம். யாரும் வெட்ட வராத காட்டையும் ‘வெட்டியிருப்பார்கள்’ என்று எழுதிக் காப்பாற்றிவிடலாம்.

மரம் நடுவதுதான் நேர்மை என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இங்கே தேசியப் பூங்காக் கழகம் 2020இல் தொடங்கிய பத்து லட்சம் மரத் திட்டத்தில் பிள்ளைகளோடு போய் ஒரு கன்று நட்டிருக்கிறேன். மண் வாசனை, கையுறை, படம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வளர்ந்த மரம் ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயு எடுக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எங்கள் ஒரு பயணத்துக்கு 90 வளர்ந்த மரம் ஒரு வருஷம் வேலை செய்ய வேண்டும். அதுவும் நின்றால்.

நின்றால் என்று ஏன் சொல்கிறேன் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது. அப்பா நட்டு முப்பது வருஷம் காய்த்த தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. மறுநாள் தொலைபேசியில் அப்பா அழவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார். நூற்றுப் பதினெட்டில் ஒன்பது நிற்கிறது என்றார். சாய்ந்த மரம் மக்கினாலும் எரித்தாலும் அத்தனை வருஷம் சேர்த்த கரி திரும்பக் காற்றுக்குத்தான் போகும். வானத்துக்குப் போன புகை நூற்றாண்டுக் கணக்கில் மேலே இருக்கும். அதற்கு ஈடாக வைத்த மரம் ஒரு புயல்வரை இருக்கும். கரிம வரவு விற்பவர்கள் இதற்காகக் கொஞ்சம் சீட்டை ஒதுக்கி வைத்துக்கொள்கிறார்கள், காப்பீடு மாதிரி. கஜா மாதிரி ஒன்று வந்தால் அந்தக் காப்பீடு போதுமா என்று அப்பாவிடம் கேட்டால் வேறு மாதிரி பதில் வரும்.

அப்பாவின் நோட்டுக்கு வருகிறேன். கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் ஆடி ஆவணியில் மொய் விருந்து நடக்கும். பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போட்டு, சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். வாங்கியவர், மொய் எழுதியவர்கள் வீட்டு முறை வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும். அப்பாவுக்குக் கையெழுத்து அழகு. அதனால் பங்காளிகள் வீட்டு விசேஷத்திலெல்லாம் மொய் எழுத அவர்தான். எங்கள் வீட்டு நோட்டு சிவப்புத் துணி முதுகு வைத்த நீளப் பேரேடு. இடது பக்கம் வந்த மொய், வலது பக்கம் செய்த மொய். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் புத்திசாலித்தனமாக, “அவரு ஆயிரம் செஞ்சாரு, நாம ஆயிரத்து ஐநூறு செஞ்சோம், ஐநூறுன்னு ஒரே வரியா எழுதுனா இடம் மிச்சம்தானேப்பா?” என்றேன்.

“கழிச்சு எழுதக் கூடாது ஆத்தா,” என்றார் அப்பா. “கழிச்சா யாரு எவ்வளவு செஞ்சாங்கன்னு நோட்டுக்கே மறந்துபோயிரும்.”

இதே பிரச்சினை பெரிய நோட்டிலும் இருக்கிறது. சிங்கப்பூர் ஆலைகள் 2024 முதல் வரி கட்டவேண்டிய வெளியேற்றத்தில் 5 சதவீதம்வரை வெளிநாட்டுக் கரிம வரவுகளால் ஈடுகட்டலாம். ஆனால் பாப்புவா நியூகினி, கானா போன்ற நாடுகளோடு போட்ட உடன்பாட்டின்படி, விற்ற நாடு அந்த டன்னைத் தன் சாதனையாக எழுதிக்கொள்ளக் கூடாது. ஒரே ஐந்நூறு ரூபாய் மொய்யை அண்ணன் பேரிலும் தம்பி பேரிலும் எழுதக் கூடாது என்கிற விதிதான், வேறொன்றுமில்லை. டிக்கெட் பக்கத்துப் பச்சைக் கட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் இருந்ததாக எனக்கு வந்த சான்றிதழில் எங்கேயும் இல்லை.

ஊரிலிருந்து வந்ததும் முஸ்தபா கடையில் நீள நோட்டு ஒன்று வாங்கினேன். இடது பக்கம் நாங்கள் விட்ட புகை, டன்னில். வலது பக்கம் நாங்கள் கொடுத்த காசு, வெள்ளியில். டன்னும் வெள்ளியும் வேறு வேறு என்பதால் கழிக்கவே முடியாது, அதுதான் வசதி. வலது பக்கத்துக்கு நான் வைத்த விலை அரசாங்கத்தின் கரிம வரி விலை. இப்போது டன்னுக்கு 45 என்பதால் ஒரு திருச்சிப் பயணத்துக்கு 83 வெள்ளி. அதில் பாதி அத்தைக்குச் சிலிண்டர் காசு. மீதி, ஊரில் கண்மாய்க் கரையில் பனை விதை போடும் பையன்களுக்கு. கஜாவில் தென்னை விழுந்த ஊரில் பனை நின்றது, அதனால் பனை. ஈடு என்று அவர்களிடம் சொல்லவில்லை, எனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

இடது பக்கத்தை எழுதும்போதுதான் உண்மையான அதிர்ச்சி வந்தது. விமானத்தில் இல்லை, எங்கள் ஏர்கானில்.

வீட்டில் இருப்பது சிஸ்டம் 3, அதாவது ஒரே வெளி இயந்திரத்தில் மூன்று அறைக்கும் குளிர் வருகிற ஏர்கான், 2012இல் போட்டது. 2024 ஏப்ரலில் குளிரவில்லை என்று ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். வந்தவர் “கேஸ் குறைவு” என்று நிரப்பி 80 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். நவம்பரில் மறுபடி குளிரவில்லை. இந்தத் தடவை வேறு ஆள், மன்னார்குடித் தம்பி. போன தடவை கேஸ் நிரப்பியதைச் சொன்னேன். அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அக்கா, இது அரிசி பருப்பு இல்ல, தீர்ந்துபோறதுக்கு. கேஸ் கொறையவே கூடாது. கொறைஞ்சா ஓட்டைன்னு அர்த்தம்.”

பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் வாங்கி ஸ்பாஞ்சில் நுரைத்து, வெளி இயந்திரத்துக்குப் போகிற செப்புக் குழாய் முடிச்சுகளில் தடவினார். இரண்டாவது முடிச்சில் நுரை மெல்ல உப்பியது, உடைந்தது, மறுபடி உப்பியது. ஒரு குழந்தை எச்சிலில் குமிழி விடுவது மாதிரி. அதை நானும் அவரும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

குழாய் முனையை வெட்டி, புதிதாக விரித்து, முறுக்கினார். அப்புறம் சிலிண்டரைச் சின்னத் தராசில் வைத்து நிரப்பினார், 700 கிராம். ஏப்ரல் ரசீதைத் தேடி எடுத்தேன், 600 கிராம். பழைய இயந்திரத்தில் ஓடுவது ஆர்410ஏ என்ற வாயு. ஒரு கிலோ அது காற்றில் கலந்தால் 2,088 கிலோ கரியமில வாயு செய்கிற வேலையைச் செய்யும். ஊற்றியதெல்லாம் போனதுக்குப் பதில்தானே? 1.3 கிலோ என்றால் 2.7 டன். வாசனை இல்லாமல், சத்தம் இல்லாமல், சலவைக் கழிக்குப் பக்கத்தில் நாங்கள் நான்கு பேர் திருச்சி போய் வந்ததைவிட ஒன்றரை மடங்கு கசிந்திருக்கிறது. (இப்போது வரும் புது இயந்திரங்களில் ஆர்32. அதற்கு 675. குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை.) ஈடுசெய்யச் சொல்லும் கணிப்பான்களில் நான் பார்த்த மூன்றில் ஒன்றுகூட ஏர்கானுக்குக் கேஸ் போட்டீர்களா என்று கேட்கவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு அரசாங்கம் கொடுத்த பருவநிலைப் பற்றுச்சீட்டில், 2024இன் 300 வெள்ளியும் அடுத்த ஆண்டின் 100 வெள்ளியும் சேர்த்து, படுக்கையறைகளுக்குக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் டிசி விசிறி வாங்கினோம். இரவு இரண்டு மணி நேரம் ஏர்கான், அப்புறம் விசிறி. 430 யூனிட் 350க்கு வந்திருக்கிறது. ஆண்டுக்கு 380 கிலோ சொச்சம் குறைவு, ஓர் ஆளின் திருச்சிப் பயணம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியைப் பற்றி இங்கே எழுதினால் வீட்டுக்காரர் படிப்பார் என்பதால் விட்டுவிடுகிறேன். ஊருக்கு இரண்டு வருஷத்தில் மூன்று தடவை போனது இப்போது இரண்டாகியிருக்கிறது. ஆனால் தங்குவது பத்து நாளிலிருந்து மூன்று வாரமானது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை.

போன மாதம் மன்னார்குடித் தம்பி சர்வீசுக்கு வந்து அளந்து பார்த்தார். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. மகள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இப்போது எழுதுவது அவள்தான். தாத்தா கையெழுத்து வந்திருக்கிறது.

“அம்மா, ஓட்டைய அடைச்சோம்ல, அது எவ்ளோ மிச்சம்னு எழுதட்டும்?”

“வருஷத்துக்கு ரெண்டே முக்கா டன் போயிருக்கும்.”

“போயிருக்கும்னா? நம்ம அடைக்கலைன்னா வேற யாராவது வந்து அடைச்சிருப்பாங்களே. இல்ல ஏர்கானே கெட்டுப்போயிருக்கும், புதுசு வாங்கியிருப்போம்.”

பேனாவைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பென்சிலால் எழுது என்றேன்.